70 லட்சத்தில் ஓர் அணி
நெல்லை ராயல் கிங்ஸ் கலைந்ததும் எழுந்ததும்: சம்பள வரம்புக்குள் அணி கட்டும் கணக்கு

ஒரு தொழில்முறை அணி வீரர்களுக்காக மொத்தம் எவ்வளவு செலவிடலாம் என்று போட்டியை நடத்தும் அமைப்பே எல்லை வகுப்பதைச் சம்பள வரம்பு என்கிறார்கள். பணக்கார முதலாளி, எளிய முதலாளி என்ற வேறுபாட்டை அது குறைக்கிறது. எல்லோருக்கும் ஒரே தொகை என்றான பிறகு, அதை யார் அறிவோடு செலவிடுகிறார் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கக் கால்பந்தும் இந்தியக் கபடியும் இந்த முறையில்தான் நடக்கின்றன. தாமிரபரணிக் கரையில் இதை நேரில் பார்க்கக் கிடைத்த களம் கிரிக்கெட். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டி.என்.பி.எல்.) ஆடும் நெல்லை ராயல் கிங்ஸ் 2022-இல் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஏலத்தில் அதன் முதுகெலும்பு மொத்தமும் கைமாறியது. புதிதாகச் சேர்த்த அணியோடு 2023-இல் இறுதிப் போட்டி வரை சென்றது. வரம்புக்குள் ஓர் அணியை மறுபடி கட்டுவது எப்படி, அதில் எங்கே தவறும், எங்கே கைகூடும் என்பதற்கு இந்த அணியின் கதை நல்ல பாடம்.

வரம்பு எதற்கு?

சம்பள வரம்பைக் கறாராகக் கடைப்பிடிப்பதில் அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக் முன்னோடி. 1994-இல் அங்கே ஓர் அணிக்கு 34.6 மில்லியன் டாலர் என்று வரம்பு தொடங்கியது. 2025-இல் அது 279.2 மில்லியன் டாலராக உயர்ந்தது. 53 வீரர்களுக்கும் அந்தத் தொகைக்குள்தான் ஊதியம். ஒரு நட்சத்திரத்துக்கு அள்ளிக் கொடுத்தால் வேறு எங்கோ கையைக் கட்டித்தான் ஆக வேண்டும். அதனால் வென்ற அணியும் அடுத்த சில ஆண்டுகளில் கலைந்து, மீண்டும் கட்டப்படுவது அங்கே வழக்கம்.

ஐரோப்பியக் கால்பந்தில் நெடுங்காலம் இப்படிப்பட்ட எல்லை இல்லை. ஆனால் ஸ்பெயினின் லா லிகா ஒவ்வொரு கிளப்பின் வருமானத்துக்கு ஏற்ப வீரர் செலவுக்கு உச்சம் வைத்தது. 2021 ஆகஸ்டில் லயோனல் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போனதற்கு அந்த உச்சமே உடனடிக் காரணம். கிளப்பும் வீரரும் சேர்ந்திருக்க விரும்பியும், விதி இடம் கொடுக்கவில்லை.

இந்தியாவிலும் இந்த முறை பழகிவிட்டது. 2008-இல் ஐ.பி.எல். தொடங்கியபோது ஒவ்வோர் அணியும் ஏலத்தில் 5 மில்லியன் டாலர் செலவிடலாம் என்றிருந்தது. 2025 பருவத்துக்கு அது 120 கோடி ரூபாய். இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் சென்னையின் எஃப்.சி. உள்ளிட்ட கிளப்புகளுக்கு 16.5 கோடி ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்தது. புரோ கபடியில் தமிழ் தலைவாஸும் வகுக்கப்பட்ட தொகைக்குள்தான் ஏலம் கேட்க வேண்டும்.

டி.என்.பி.எல். இந்த வழிக்குத் தாமதமாகவே வந்தது. 2016-இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் தொடங்கிய இந்த லீக்கில், முதல் ஆறு பருவங்களும் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறைதான். 2023 பிப்ரவரியில் மகாபலிபுரத்தில் முதன்முதலாக ஏலம் நடந்தது. எட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் 70 லட்சம் ரூபாய்.

70 லட்சத்தின் கணக்கு

ஓர் அணியில் குறைந்தது 16 பேர், அதிகம் போனால் 20 பேர். 70 லட்சத்தை 16 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 4.37 லட்சம், 20 பேர் என்றால் 3.5 லட்சம். இந்தச் சராசரிதான் ஏல மேசையில் உட்கார்ந்திருப்பவரின் அளவுகோல். யாருக்காவது அதைத் தாண்டிக் கொடுத்தால், தாண்டிய தொகை வேறொருவர் பங்கிலிருந்து வர வேண்டும்.

வீரர்கள் நான்கு பிரிவாக வகுக்கப்பட்டிருந்தனர். அடிப்படை விலை முறையே 10 லட்சம், 6 லட்சம், 3 லட்சம், ஒன்றரை லட்சம். கடைசிப் பிரிவின் ஒன்றரை லட்சம் சிறிய தொகையாகத் தோன்றினாலும், ஏலக் கணக்கு முழுவதும் அதைச் சுற்றித்தான் சுழல்கிறது. ஓர் அணி பத்துப் பேரை 60 லட்சத்துக்கு வாங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டால், மீதி ஆறு இடங்களுக்கு எப்படியும் 9 லட்சம் ஒதுக்கி வைத்தாக வேண்டும். கையில் 10 லட்சம் இருப்பதுபோல் தெரியும். உண்மையில் கூடுதலாகக் கேட்கக்கூடியது ஒரு லட்சம்தான். முதல் மணி நேரத்தில் வாரி இறைத்த அணிகள் மாலையில் நல்ல இளைஞர் பெயர் வரும்போது கை உயர்த்த முடியாமல் இருப்பது இதனால்தான்.

ஆற்றுப் பாசனத்தில் தலைமடை வயல்கள் தண்ணீரை வாங்கிக்கொண்டால் கடைமடை காய்ந்துபோவதைத் தாமிரபரணி விவசாயிகள் அறிவார்கள். ஏலத்திலும் பதினொன்றாவது, பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது ஆட்களே கடைமடை. அங்கே ஈரம் இல்லாத அணி, பருவத்தின் நடுவில் ஒருவருக்குக் காயம் பட்டதும் தடுமாறிவிடும். ஆட்டத்தின் நடுவே மாற்று வீரரை இறக்க இடம் தரும் இம்பாக்ட் வீரர் விதியும் 2023-இல் டி.என்.பி.எல்-லுக்கு வந்துவிட்டதால், பன்னிரண்டாமவர் பெயருக்கு உட்கார்ந்திருப்பவர் என்ற நிலை போய், ஆட்டத்தை முடித்துவைப்பவராகவே மாறிவிட்டார்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இங்கே வெளிநாட்டு வீரர்கள் இல்லை. பிற மாநில வீரர்களுக்கும் இடமில்லை. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தில் பதிவு பெற்றவர்களிலிருந்தே எட்டு அணிகளும் ஆள் எடுக்க வேண்டும். மாநில அணிக்கு ஆடும் அளவுக்குத் தேறிய வேகப்பந்து வீச்சாளர்கள் எந்த ஆண்டிலும் சிலர்தான். அந்தச் சிலருக்கு எட்டு அணிகளும் போட்டியிடும்போது விலை எகிறுவதைத் தவிர்க்க முடியாது.

உச்சியில் கலைந்த அணி

நெல்லை ராயல் கிங்ஸ் பிறப்பிலேயே நெல்லை அணி அல்ல. லீக் தொடங்கியபோது திருவள்ளூர் வீரன்ஸ் என்றும் பின்னர் காஞ்சி வீரன்ஸ் என்றும் பெயர் தாங்கி ஆடிய அணியே 2021 பருவத்திலிருந்து நெல்லையின் பெயரை ஏற்றது. அதே காலத்தில், 2016-இல் முதல் கோப்பையை வென்ற தூத்துக்குடி அணி சேலத்துக்கு இடம் மாறியது. ஆற்றின் கடைக்கோடி மாவட்டம் ஓர் அணியை இழந்தபோது, நெல்லைச் சீமைக்கு இன்னொன்று கிடைத்தது.

மைதானம் மட்டும் தொடக்கத்திலிருந்தே இங்கே இருந்தது. தாழையூத்தை ஒட்டிய சங்கர்நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 1949-இல் தன் முதல் ஆலையை இயக்கியது. அந்த ஆலைக் குடியிருப்பின் மைதானம் 2016-இன் முதல் பருவத்திலேயே டி.என்.பி.எல். ஆட்டங்களை நடத்தியது. சென்னைக்கு வெளியே இந்த லீக்கை வேரூன்றச் செய்த களங்களில் அதுவும் ஒன்று.

2022-இல் நெல்லை அணி லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது. ஆல்ரவுண்டர் சஞ்சய் யாதவ் அந்தப் பருவத்தில் 452 ரன் குவித்து ரன் பட்டியலில் முதலாவதாக நின்றார். பாபா அபராஜித், பாபா இந்திரஜித் சகோதரர்கள் நடுவரிசைக்குத் தூணாக இருந்தனர். பிளேஆஃபில் சேப்பாக் சூப்பர் கில்லீஸிடமும் கோவை அணியிடமும் அடுத்தடுத்துத் தோற்றதால் இறுதிப் போட்டி கைநழுவியது. மழையால் இறுதி ஆட்டம் நின்றுபோக, அந்த இரண்டு அணிகளும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன.

அதற்கடுத்த ஏலம் இந்த அணியைப் பிரித்துப் போட்டது. தக்கவைக்கும் உரிமை அதிகபட்சம் இரண்டு பேருக்குத்தான். அவர்களுக்கான தொகையும் அணியின் கையிருப்பிலிருந்தே கழியும். மற்ற அனைவரும் பொது ஏலத்துக்குப் போயாக வேண்டும். சஞ்சய் யாதவை 17.6 லட்சத்துக்குச் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் வாங்கியது. அபராஜித்தும் சேப்பாக்கத்துக்கே போனார். இந்திரஜித் திண்டுக்கல் பக்கம் சேர்ந்தார். முந்தைய ஆண்டு வெற்றிக்குக் காரணமான மூவரும் எதிரணிச் சட்டையில் வந்து நின்றார்கள்.

வெல்லும் அணிக்கே இது நேரும். ஒரு வீரர் சிறப்பாக ஆட ஆட அவருடைய சந்தை விலை ஏறுகிறது. அணியின் கையிருப்போ அதற்கேற்ப ஏறுவதில்லை. நன்றாக ஆடியதன் பலனை அடுத்த ஏலத்தில் அணி விலையாகக் கொடுக்க நேர்கிறது.

எதை வாங்கினார்கள்?

மறுகட்டமைப்பில் முதலில் எழும் கேள்வி, போனவரின் இடத்தில் அவரைப் போலவே ஒருவரை வைப்பதா, அவர் செய்த வேலையைப் பலரிடம் பிரித்துக் கொடுப்பதா என்பது. நெல்லை இரண்டையும் கலந்து செய்தது. சஞ்சய் யாதவுக்கு 17.6 லட்சம் வரை போகாமல், அதுவரை சேப்பாக்கத்துக்கு ஆடிய வேகப்பந்து ஆல்ரவுண்டர் சோனு யாதவை 15.2 லட்சத்துக்கு எடுத்தது. அந்த ஒரு விலையே மொத்தக் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும். எஞ்சிய 54.8 லட்சத்தில் குறைந்தது 15 பேர். தலைக்குச் சராசரி 3.65 லட்சம்.

மட்டையடிக்குப் பொறுப்பேற்க அருண் கார்த்திக் வந்தார். தலைமையும் அவரிடம் சேர்ந்தது. பல ஆண்டுகள் உள்நாட்டுக் கிரிக்கெட் ஆடிய அவருக்கு இளைஞர்கள் நிறைந்த அணியை வழிநடத்தும் பக்குவம் இருந்தது. வேகத்துக்கு சந்தீப் வாரியர் சேர்ந்தார். 2022-லேயே நெல்லைக்கு ஆடிய இளம் மட்டையாளர் அஜிதேஷ் குருசாமி அணியில் தொடர்ந்தார்.

அஜிதேஷ் தொடர்ந்ததே இந்த மறுகட்டமைப்பின் மிகப் பெரிய லாபம். 2023 ஜூனில் கோயம்புத்தூரில் கோவை அணி 181 ரன் எடுத்தது. அதில் சாய் சுதர்சன் மட்டும் 90. பதிலுக்கு அஜிதேஷ் 60 பந்தில் 112 ரன் விளாசி நெல்லையை வெற்றிக்கு அழைத்துச் சென்றார். அந்த ஏலத்திலேயே அதிக விலை போன வீரரின் ஆட்டத்தை, சந்தை அதிகம் கவனிக்காத ஓர் இளைஞர் மிஞ்சினார். பருவ முடிவில் 385 ரன்னுடன் பட்டியலில் முதலிடம் அஜிதேஷுக்கே.

ஜூலை 10 அன்று சங்கர்நகரில் நடந்த இரண்டாவது குவாலிஃபயரில் திண்டுக்கல்லை எதிர்த்துக் கடைசி இரண்டு ஓவரில் 37 ரன் தேவைப்பட்டது. பத்தொன்பதாவது ஓவரில் அஜிதேஷும் ரித்திக் ஈஸ்வரனும் சேர்ந்து 33 ரன் எடுத்தார்கள். ரித்திக் 11 பந்தில் 39 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். பெரிய பெயர்கள் போன இடத்தை நிரப்பியவர்கள் இந்த இரண்டு இளைஞர்களே.

விலை சொல்வதும் சொல்லாததும்

முதல் ஏலத்தின் உச்ச விலை சாய் சுதர்சனுக்கு. கோவை கொடுத்தது 21.6 லட்சம். அப்போது ஐ.பி.எல்-லில் குஜராத் டைட்டன்ஸ் அவருக்குக் கொடுத்துவந்த 20 லட்சத்தைவிட இது அதிகம். உள்ளூர்ச் சந்தை அவருடைய திறமையைச் சரியாகவே எடைபோட்டிருந்தது: 2025 ஐ.பி.எல்-லில் 759 ரன்னுடன் அவரே முதலிடம் பிடித்தார்.

அதே ஏலத்தில் வாஷிங்டன் சுந்தரின் விலை 6.75 லட்சம். 2022 ஐ.பி.எல். ஏலத்தில் 8.75 கோடிக்குப் போன வீரர் அவர். இரண்டுக்கும் உள்ள இடைவெளிக்குக் காரணம் திறமை அல்ல, நாள்காட்டி. டி.என்.பி.எல். ஜூன், ஜூலை வாக்கில் நடக்கிறது. இந்திய அணிகளின் சுற்றுப்பயணங்கள் அதே மாதங்களில் வந்துவிடும். எத்தனை ஆட்டத்துக்குக் கிடைப்பார் என்று தெரியாத வீரருக்கு, வரம்புக்குள் இருக்கும் அணி முழு விலை கொடுக்காது. லீக் சுற்றில் ஓர் அணிக்கு ஏழே ஆட்டங்கள் என்பதால், இரண்டு ஆட்டம் தவறினாலும் இழப்பு பெரிது.

ஆகவே ஏல விலைக்குள் மூன்று பகுதிகள் உண்டு: ஆட்டத்திறன், அந்த வகை வீரர் எத்தனை பேர் கிடைக்கிறார்கள் என்ற அருமை, பருவம் முழுக்க இருப்பாரா என்ற உறுதி. இம்மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அணி, பிறர் அதிகம் கொடுக்கும் இடத்தில் ஒதுங்கி, பிறர் ஒதுங்கும் இடத்தில் வாங்குகிறது.

இறுதிப் போட்டி காட்டியது

2023 ஜூலை 12 அன்று இறுதிப் போட்டி சங்கர்நகரிலேயே நடந்தது. சொந்த ஊர், சொந்த மக்கள். எதிரே கோவை. அந்த அணியின் 21.6 லட்ச வீரர் சாய் சுதர்சன் வளர்ந்துவரும் அணிகளுக்கான ஆசியக் கோப்பைக்காக இலங்கை போய்விட்டார். அப்படியும் கோவை 5 விக்கெட்டுக்கு 205 ரன் எடுத்தது. சுரேஷ் குமார், முகிலேஷ், அதீக் உர் ரகுமான் மூவரும் அரைசதம் தொட்டனர். நெல்லை 101 ரன்னில் சுருண்டது. சுழற்பந்து வீச்சாளர் ஜாதவேத் சுப்ரமணியன் நான்கு விக்கெட் வீழ்த்தினார். 104 ரன் வித்தியாசத்தில் கோப்பை கோவைக்குப் போனது.

சாய் சுதர்சனுக்குக் கொடுத்தது போகக் கோவையிடம் மீந்தது 48.4 லட்சம். குறைந்தது 15 பேரைச் சேர்த்தால் தலைக்கு 3.2 லட்சம்தான், நெல்லையின் சராசரியைவிடக் குறைவு. ஆனால் அந்தப் பணத்தில் வாங்கிய, தக்கவைத்த ஆட்கள் நட்சத்திரம் இல்லாத நாளிலும் ஆட்டத்தை முடிக்கக்கூடியவர்களாக இருந்தார்கள். மறுபக்கம், சஞ்சய் யாதவுக்கு 17.6 லட்சம் கொடுத்த சேப்பாக் அந்தப் பருவத்தில் பிளேஆஃபுக்கே வரவில்லை. உயர்ந்த விலை தன்னளவில் வெற்றியும் தருவதில்லை, தோல்வியும் தருவதில்லை. அதைச் சுற்றி நிற்கும் மூன்று லட்ச, ஒன்றரை லட்ச வீரர்களின் தரமே முடிவைத் தீர்மானிக்கிறது.

ஒரு பருவம் போதாது

நெல்லையின் எழுச்சி நீடிக்கவில்லை. 2024-லும் 2025-லும் அணி முதல் நான்கு இடங்களுக்குள் வரவில்லை. ஓர் ஏலத்தில் சரியாகச் செய்ததை அடுத்தடுத்த ஏலங்களிலும் செய்தால்தான் அணி நிலைக்கும்.

திருப்பூர் தமிழன்ஸ் அதைச் செய்து காட்டியது. 2023-இல் பிளேஆஃப் காணாத அந்த அணி, 2024 ஏலத்தில் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் சாய் கிஷோருக்கு 22 லட்சம் கொடுத்தது. அதுவரை இல்லாத உச்ச விலை அது. அதே ஏலத்தில் சஞ்சய் யாதவும் 22 லட்சத்துக்குத் திருச்சி அணிக்குப் போனார். சாய் கிஷோர் தலைமை தாங்கினார், நான்கு ஓவரைச் சிக்கனமாக வீசினார், தேவைப்பட்டால் மட்டையும் பிடித்தார். ஒரு விலையில் மூன்று வேலை. அவரைச் சுற்றித் துஷார் ரஹேஜா, அமித் சாத்விக் போன்ற இளைஞர்களுக்குத் தொடர்ந்து வாய்ப்பு கொடுக்கப்பட்டது. 2024-இல் பிளேஆஃப், 2025-இல் கோப்பை. ஜூலை 6 அன்று திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் நடந்த இறுதிப் போட்டியில் திருப்பூர் 220 ரன் எடுத்து, திண்டுக்கல்லை 102 ரன்னில் அடக்கியது. துஷார் அன்று 77, சாத்விக் 65. அந்தப் பருவத்தின் ரன் பட்டியலிலும் துஷாரே முதல்.

கோவை, திருப்பூர் இரண்டு அணிகளின் பாதையும் ஒன்றுதான். மிகப் பெரிய விலை ஒருவருக்கு. மற்ற பணம் பரவலாக. நம்பிய இளைஞரை இரண்டு தோல்வியில் கைவிடாத பொறுமை.

கரையோரத்துக் கடமை

நெல்லை அணி தன் பெயருக்கு உரிய மண்ணிலிருந்து ஆட்களை வளர்த்தால் பலன் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. கால்பந்து கிளப் தன் இளையோர் பயிற்சிக்கூடத்தில் வளர்த்த பையனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். டி.என்.பி.எல். ஏலத்தில் அந்த உரிமை இல்லை. அம்பாசமுத்திரத்திலோ பாளையங்கோட்டையிலோ வளர்ந்த வேகப்பந்து வீச்சாளரை எந்த அணியும் கேட்கலாம்.

ஆனாலும் வளர்ப்பவருக்கு ஓர் ஆதாயம் உண்டு: மற்றவருக்கு முன்பே அவரை அறிந்திருப்பது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வந்த நடராஜன் 2016 டி.என்.பி.எல்-லில் வெளிச்சத்துக்கு வந்தார். மறு ஆண்டே பஞ்சாப் அணி ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி கொடுத்தது. 2018-இல் மதுரை பாந்தர்ஸுக்கு ஆடிய வருண் சக்கரவர்த்திக்கு அந்த ஆண்டு டிசம்பரிலேயே 8.4 கோடி கிடைத்தது. இப்படிப்பட்டவரை ஒன்றரை லட்சத்தில் எடுத்து, அடுத்த ஏலத்துக்கு முன் தக்கவைத்துக்கொள்ளும் அணிக்கு வரம்பு ஒரு தடையாகவே தெரியாது. அப்படி எடுக்க வேண்டுமானால், பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை டென்னிஸ் பந்துப் போட்டிகளையும் பள்ளி, கல்லூரி ஆட்டங்களையும் ஆண்டு முழுக்க யாராவது பார்த்துக் குறித்து வைத்திருக்க வேண்டும். ஏலத்துக்கு முந்தைய வாரத்தில் காணொளி பார்த்து அதைச் செய்ய முடியாது.

இங்கே மாவட்டச் சங்கத்துக்கும் பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. டென்னிஸ் பந்தில் வேகம் காட்டும் சிறுவனுக்குத் தோல் பந்தும் ஆடுகளமும் பயிற்சியாளரும் பதினைந்து வயதுக்குள் கிடைக்க வேண்டும். மாவட்ட லீக் ஆட்டங்களும் அவற்றின் புள்ளிவிவரங்களும் ஒழுங்காகப் பதிவாக வேண்டும். அவை இல்லையென்றால் திறமை இருந்தும் ஏலப் பட்டியலில் பெயர் ஏறாது.

நெல்லை ராயல் கிங்ஸ் அடுத்து வரும் ஏலங்களில் செய்ய வேண்டியவை தெளிவானவை: பருவம் முழுக்க இருக்கக்கூடிய ஒருவருக்கு மட்டும் பெரிய விலை, பதினாறாவது இடம் வரை கணக்குப் போட்டு வைத்த கையிருப்பு, அஜிதேஷைப் போல வளரும் இளைஞரை முன்கூட்டியே இனம்கண்டு தக்கவைக்கும் துணிவு. 2023-இல் இந்த அணி இறுதி வரை வந்தது அந்த வழியில்தான். கோப்பை சங்கர்நகருக்கு வருவதும் அதே வழியில்தான் நடக்கும்; அதற்கான தேடலை ஆற்றங்கரை மைதானங்களில் இன்றே தொடங்க வேண்டும்.